மீதிச் சில்லறை

குயாவ் போகும் மினிபஸ்ஸின் கதவில்
ஒற்றைக் காலில் தொங்குகிறான் ஜெர்வான்.
நான்காம் படிவப் பதிவேட்டில்
பதினோரு நாளாய் அவன் பெயருக்கு நேரே
என் சிவப்புக் கோடு.

பதினெட்டுப் பேர், நாலு நிறுத்தம்,
நூறு டாலர் நோட்டை நீட்டும் மீன்காரி.
தாளில்லை, பென்சிலில்லை,
ஒரு சென்ட் பிசகவில்லை.

என்னைப் பார்த்ததும் தொப்பியை இறக்கிக்கொண்டான்.
காசு வேண்டாம் என்றான்.
நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

திட்டுவதற்கென்று வைத்திருந்தது
வாயிலேயே கரைந்தது.

இறங்கிவிட்டேன்.
சோகாப் பாட்டின் இரைச்சலுக்கு மேலே கத்துகிறான்:
"மிஸ், அன்றைக்குப் போட்ட கணக்கு,
எக்ஸ் ஏழுதானே?"

ஏழு இல்லை.
சொல்வதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது.

போர்டின் அந்த மூலையை மட்டும்
துடைக்க வேண்டாம் என்றிருக்கிறேன்,
கடைசி பெஞ்சில்
மிச்சமிருக்கும் மூவரிடம்.