ஃபாலோ

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருக்கிறது.
எண்ணெய் டேங்கர் வண்டி பாதி வழியில் நின்று
எதையோ யோசிக்கிறது.
இந்தப் பக்கம் இரண்டு ஷேர் ஆட்டோ,
ஒரு மீன்பாடி வண்டி.
அதன் ஐஸ் பெட்டி உருகி
ரோட்டில் கோடு போடுகிறது.
நான் ஆட்டோவை விட்டு இறங்கி
கேரம் கிளப் வாசலில் நிற்கிறேன்.

"ரெண்டே வருசம்" என்கிறான் எபினேசர்.
"மனுசன் செய்யிற அத்தினியும் அது செய்யும்.
டாக்டர் பரீட்ச பாஸ். வக்கீல் பரீட்ச பாஸ்.
கோடு மேல போய்க்கினே கீது, பாரு."
போனைத் தூக்கிக் காட்டுகிறான்.
மணலிப் புகையை யாரோ
ஸ்கேல் வைத்து நிமிர்த்தியதுபோல
ஒரு கோடு.

தேசிங்கு தலை தூக்கவில்லை.
ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர்,
நூறடி உயரத்திலிருந்து
பெட்டியின் நான்கு மூலைத் துளையிலும்
ஒரே இறக்கத்தில் கொக்கி பொருத்துகிறவர்.
பவுடரை ஊதி, ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறார்.
ரெட் விழுகிறது.
அடுத்த காய் விளிம்பில் முட்டித் திரும்புகிறது.
எதிராளி சிரித்துக்கொண்டே ரெட்டை எடுத்து
மறுபடி நடுவில் வைக்கிறான்.

"பாத்தியா?
ரெட்டு போட்டா ரெட்டு உன்னுது இல்ல.
ஃபாலோ போடணும்.
பரீட்ச பாஸ் பண்ணது ரெட்டு.
காத்து மாறி பெட்டி ஆட சொல்ல
கீழ ஒருத்தன் நிக்கிறான்னு
பாக்காமயே தெரியும் பாரு,
அது ஃபாலோ."

"அத்தயும் போட்டுட்டா?"
"போடட்டும். அப்ப பேசலாம்."
"அப்ப நீ வேற ஒண்ணு சொல்லுவ.
போன வருசம் அதுக்குத் தமிழ் வராதுன்ன.
இப்ப உன்ன விட நல்லா பேசுது."
போர்டைச் சுற்றிச் சிரிப்பு.
தேசிங்கும் சிரிக்கிறார்,
கொஞ்சம் தாமதமாக.

நான் வாய் திறக்கவில்லை.
ராத்திரி பத்து முதல் விடிகாலை நான்கு வரை
தண்டையார்பேட்டை மாடியறையில்
அதற்கு மார்க் போடுகிறவர்களில்
நானும் ஒருத்தி.
ஒரு கேள்வி, இரண்டு பதில், எது மேல்?
ஒரு சொடுக்குக்கு மூன்று ரூபாய் இருபது காசு.

முதல் மாதம்
மீன்பாடி வண்டி என்றால்
மீன் பிடிக்கும் வாகனம் என்றது.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஏழாவது மாதம்
கேள்வியை நாமே எழுதலாம் என்றார்கள்.
இந்தக் கேட்டை எழுதினேன்:
ரயில் போய்விட்டது, கேட் திறக்கவில்லை,
ஆம்புலன்ஸ் நிற்கிறது, என்ன செய்யலாம்?
ஒரு பதில்
உதவி எண்ணைக் கொடுத்து
மாற்றுப் பாதையை விளக்கியது.
இன்னொன்று கேட்டது:
"உள்ளே இருந்தவர்
உங்களுக்கு என்ன வேண்டும்?"

இருந்தவர்.

நான் சொல்லியிருக்கவில்லை,
உள்ளே அப்பா என்று.
அது போன வருடம் என்று.

கீழே மோட்டார் அணைக்காமல்
தொட்டி நிரம்பி வழியும் சத்தம்.
முதல் பதிலே மேல் என்று அழுத்தினேன்.
பயமா, ஆத்திரமா,
அதை அது கேட்கக் கூடாதென்ற ரோஷமா,
இன்றுவரை தெரியாது.
காரணம் எழுதும் கட்டத்தில்
"கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை" என்று போட்டேன்.
அதுவும் பொய்யில்லை.

எபினேசர் காட்டுகிற கோட்டில்
மயிரிழை அளவு ஒரு பள்ளம் இருந்தால்
அது நான்.
அவன் அதைப் பார்க்கவில்லை.
தேசிங்கு கோட்டையே பார்க்கவில்லை.

டேங்கர் ஒரு உலுக்கலோடு நகர்கிறது.
எண்ணுகிறேன்: முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
கடைசிப் பெட்டி என்று
எல்லா வண்டியும் முறுக்குகின்றன.
கேட் எழவில்லை.
அந்தப் பக்கத் தண்டவாளத்தில் இன்னொன்று வருகிறதாம்,
எவ்வளவு நீளமோ.

நடுவில் ரெட் அப்படியே இருக்கிறது.
"யாரோட டர்ன்?" என்று
யாரோ கேட்கிறார்கள்.