ஊதியப் பட்டியல், பிப்ரவரி இரண்டாம் பாதி

டுலூத் நகர மன்றம், மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது,
நடுவில் மட்டும்
காற்று கிழித்துப்போட்ட ஒரு கறுப்புக் கோடு.
வெள்ளி காலை பத்து மணிக்குள்
எண்ணூற்றுப் பதினோரு பேருக்குச்
சம்பளம் போட்டாக வேண்டும் நான்.
முகங்கள் தேவையில்லை எனக்கு.
மணிக்கணக்கு போதும்.

காவல் துறையிலிருந்து மூன்று வரி வந்தது:
ஹால்வர்சன், ட்ரெவர். ரோந்துப் பிரிவு.
பதினெட்டாம் தேதி முதல் நிர்வாக விடுப்பு,
முழு ஊதியத்துடன்.

காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
'சம்பவம்' என்று நிரப்பியிருந்தார்கள்.
செய்தவன் பெயர் கேட்காத சொல்.
மழை பெய்வதுபோல
அதுபாட்டுக்கு நடந்துவிடும் அது.

காய்ச்சலுக்குக் குறியீடு இருபத்தொன்று.
பிள்ளைப்பேறு முப்பத்து மூன்று.
வீட்டில் சாவு என்றால் இருபத்தொன்பது,
மூன்றே நாள்,
அதுவும் இரத்த உறவாக இருந்தால்.
நாற்பத்தேழுக்கு மட்டும் நாள் வரம்பு இல்லை.
விசாரணை முடியும்வரை என்கிறது விதி.
தண்டனை அல்ல என்கிறது அடுத்த வரி.
வேறு என்ன என்று
அதற்கடுத்த வரி சொல்லவில்லை.

செவ்வாய் மதியம் ஒரு பெண் தொலைபேசியில் கத்தினாள்:
என் வரிப்பணத்தில் அவனுக்கு விடுமுறையா?
அரை மணி கழித்து ஓர் ஆண் குரல்:
அந்தப் பையனைப் பலி கொடுக்கிறீர்கள், தெரிகிறதா?
இருவரிடமும் தவறான எண் என்றேன்.
சரியான எண்தான்.

ஹால்வர்சன் என் தங்கை தெருவில் குடியிருக்கிறான்.
பகல் முழுக்க வாசலில் பனி வாருகிறானாம்.
தன் வாசல், பக்கத்து வீட்டு வாசல்,
ஆள் இல்லாத மூலை வீட்டின் வாசல்.
வியாழன் அன்று பனியே விழவில்லை.
அன்றும் வாரினான் என்றாள் தங்கை.
விடுப்பு என்கிறார்கள்,
எதை விடுவது என்று
அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
பாவம் என்று சொல்ல வாயெடுத்தாள்,
சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பூங்காத் துறையின் தாள் அன்று மாலைதான் வந்தது.
பெலாஞ்சர், கர்ட்டிஸ். பருவப் பணியாளர்.
சறுக்கு மைதானத்துக்கு
இரவில் தண்ணீர் விட்டுப் பனிக்கட்டி ஆக்குபவர்.
கடைசி வேலை நாள்: பதினேழு.
முப்பத்தொன்றரை மணி நேரம்.

பெயரை இரண்டு முறை படித்தேன்.
திங்கள்கிழமை முதல்
ஊர் முழுக்க உச்சரித்துக்கொண்டிருந்த பெயர்
என் பட்டியலில்
இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது.
ஹால்வர்சனுக்கு மேலே,
இருவருக்கும் நடுவே இருநூறு பேர்.

பணி முடிந்த காரணத்தைத் தேர்ந்தெடு என்றது கணினி.
ராஜினாமா. நீக்கம். ஓய்வு. மரணம்.
தேர்ந்தெடுத்தேன்.
அடுத்த கேள்வி:
மீண்டும் பணியமர்த்தத் தகுதியானவரா?
ஆம், இல்லை.
பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது.
காப்பி ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆம்.

வெள்ளிக்கிழமை அவன் அக்கா வந்தாள், நோரீன்.
அவனுக்கு வங்கிக் கணக்கு இல்லையாம்,
காசோலையாகத் தர முடியுமா?
தடித்த கோட்டு, கையுறையைக் கழற்றாமலே கையெழுத்து.
அந்த ஆளுக்கும் இங்கிருந்துதான் போகிறதா என்றாள்.
இங்கிருந்துதான்.
இதே மேசையா?
இதே மேசை.
தலையை ஆட்டினாள், கோபமாகக்கூட இல்லை,
பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுத்
தெரிந்துகொண்டவள்போல.

பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள்:
இது என்ன, நாற்பது டாலர் பிடித்தம்?
ரப்பர் பூட்ஸ், நகரத்தின் சொத்து,
திருப்பித் தரவில்லை என்றேன்.
அதைப் போட்டுக்கொண்டுதானே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்,
அவர்கள்தானே வைத்திருக்கிறார்கள் என்றாள்.
உறையில் போட்டு, எண் ஒட்டி.

காசோலையை வாங்கிக் கிழித்தேன்.
நாற்பதைச் சேர்த்துப் புதிதாக அடித்தேன்.
எனக்கு அதற்கு அதிகாரம் இல்லை.
ஜூனில் தணிக்கை வரும்,
நிச்சயம் கேட்பார்கள்.
பிடித்தம் நீக்கியதற்குக் காரணம் என்ற கட்டத்தில்
எழுதி வைத்திருக்கிறேன்:
சம்பவம்.