பாதை இன்னும் வரல்ல

புதிதாக மாற்றலாகி வந்த கிராம சேவகர்
குருமண்வெளித் துறையடியில்
மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்:
மண்டூருக்குப் பாதை எது?

பாதை அங்கால் கரையில நிக்கிது சேர்.
இப்ப வரும், இரிங்க.
சொல்லிவிட்டுச் சீனித்தம்பி பீடி பற்றவைத்தான்.

பாதை நிற்குமா, வருமா என்று
அவர் வாய் திறந்து கேட்கவில்லை.
கழற்றாத ஹெல்மெட்தான்
அங்குமிங்கும் திரும்பிப் பார்த்தது.

வந்தது.
தகர மிதவைகள், மேலே பலகை,
ஒரு பக்கம் புகை கக்கும் எஞ்சின்.
வேறு ஊர்களில் பாதை கிடக்கும், ஆள் நடக்கும்.
இங்கே ஆள் நிற்க வேண்டும்,
பாதை நடக்கும்.

படுவான்கரைத் தயிர்ச் சட்டிகள் இறங்கின,
அடங்காத கிடாய் ஒன்றும்.
எழுவான்கரை டீச்சர்மார் ஏறினார்கள்.
மருதமுனைச் சாரன் கட்டோடு ஆதம்பாவா ஏறினார்.
தயிருக்கு விலை பேச அவருக்கு
இறங்கு பலகையில் கிடைப்பது ஒரு நிமிசம்.
அதற்குள் பேசி, குறைத்து, கோபித்து, வாங்கியும் விடுவார்.
பள்ளிப் பிள்ளைகளிடமும் பிணத்திடமும்
சீனித்தம்பி காசு வாங்குவதில்லை.

நடு ஆற்றில்
எஞ்சின் ரெண்டு தரம் இருமி ஓய்ந்தது.

தாங்கு கம்பு இரண்டுதான்.
ஒன்றைக் கண்ணாப்போடி எடுத்தார்.
மற்றது
அவர் தம்பி வேலாப்போடியின் காலடியில் கிடந்தது.
பதினொரு வருசம், ஒரு வயல் வரம்பு, ரெண்டு வழக்கு.
எல்லாருக்கும் தெரியும்,
ஹெல்மெட்டுக்கு மட்டும் தெரியாது.
நீங்களும் ஒரு பக்கம் பிடியுங்களேன், என்றது அது.
டீச்சர்மார் அவசரமாகத் தண்ணீரைப் பார்த்தார்கள்.

தம்பி கம்பைத் தூக்கினார், ஊன்றவில்லை.
அண்ணன் தனியே ஊன்ற ஊன்றப்
பாதை வட்டமடித்தது.
மண்டூர்த் தென்னைகள் வந்து போயின,
குருமண்வெளி வந்து போனது,
திரும்பவும் தென்னைகள்.
மூன்றாம் சுற்றில்
தள்ளன்டா, என்றார் கண்ணாப்போடி.
வேலாப்போடி தள்ளினார்.

அதைப் பேச்சென்று கணக்கெடுக்கலாமா என்று
துறையடியில் மறுகா ஒரு கிழமை தர்க்கம்.

பாலம் வரப்போகுதாம்.
நாளைக்கே வரட்டும், என்கிறாள் மருத்துவிச்சி பத்மசோதி.
ராவில நோக்காடு வரும், பாதை வராது.
ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை,
பாதையை ஓட்டும் சீனித்தம்பியும்.

நேற்றுப் பின்னேரம்
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
துறைக் கல்லில் குந்தியிருந்த கிராம சேவகர்
ஃபோனில் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது:
பாதை இன்னும் வரல்ல.
சோறு இப்ப போடாத.