குணுக்கு

இருபத்தெட்டு ஆட்டத்தில்
புருசனும் பெண்டாட்டியும் பக்கத்தில் உட்காரக் கூடாது.
எதிரெதிரே.
கண்ணைக் காட்டினால் கள்ளாட்டம்,
கனைத்தாலும்தான்.
சனிக்கிழமை ராத்திரி பிஜோய் வீட்டு மொட்டைமாடியில்
இதுதான் சட்டம்; போட்டவள் லிசம்மா.
வேலந்தாவளம் சாவடிக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டில்,
மலையாளிகள் அவர்கள்.
இந்தப்புறம், கேரளத்தில்,
கொழிஞ்சாம்பாறைத் தமிழர்கள் நாங்கள்.
பனங்காற்று சீட்டைத் தூக்காமலிருக்க
ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் பாரம்.

நாலு சீட்டு வந்ததும் ஏலம் கேட்க வேண்டும்.
மோகனசுந்தரம் அவசரக்காரர்.
ஒற்றைக் குலானை வைத்துக்கொண்டு
பத்தொன்பது என்பார்,
கையில் ஒன்றுமே இல்லாதபோது இருபது.
தோற்று, சிரித்து, பழியை என் தலையில் போட்டு
வீடுவரை பாடிக்கொண்டே வண்டி ஓட்டுவார்.
பதினோரு வருசமாக அப்படித்தான்.

அன்றைக்கு "பாஸ்" என்றார்.
மறுகையிலும் பாஸ்.
மூன்றாவதிலும் பாஸ் சொன்னவர் கையிலிருந்து
இஸ்பேடு குலான் விழுந்தது,
பின்னாலேயே ஒன்பது, அதன் பின்னால் ஆஸ்.
பிஜோய் எழுந்தே விட்டான்:
"எந்தாடா, இதும் வெச்சிட்டா நீ பாஸ் பறஞ்ஞது?"
"முதல் நாலுலயே இருந்துச்சு,"
என்று முணுமுணுத்தார்,
அடுத்தவன் பேப்பரைப் பார்த்துப் பிடிபட்ட பையன் மாதிரி.

எனக்குப் போன ஞாயிறு ஞாபகம் வந்தது.
பாலக்காட்டில் எட்டாம் மாடி ஓட்டல். கல்யாண நாள்.
முறம் அகலத் தட்டில் கட்டைவிரல் அளவு கரிமீன்,
சுற்றிலும் நுரை, நுரைமேல் ஒரு பூ.
பூவைச் சாப்பிடலாமா என்று கேட்டேன்.
பரிமாறியவன் மலையாளத்தில் தொடங்கி
ஆங்கிலத்தில் முடித்தான்; சாப்பிடலாமாம்.
எனக்கு மூன்று வகை சொன்னார்.
தனக்கு சூப்பு மட்டும்.
வயிறு சரியில்லையாம்.
பில்லை மேசைக்கு அடியில் வைத்துப் படித்தார்.

அதற்கு முந்தின ஞாயிறு மலம்புழை.
ரோப் காரில் நான் மட்டும் போனேன்.
உயரம் ஆகாதாம்,
கஞ்சிக்கோட்டு உருக்காலைப் புகைபோக்கியில்
பதினாறு வருசம் ஏறி இறங்கியவருக்கு.
என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு
கீழே இருந்து கையசைத்தார்,
சின்னதாகிக்கொண்டே போனார்.

சூப்பு. உயரம். பாஸ்.
எனக்குக் கூட்டத் தெரியும்,
கூட்டுறவு வங்கியில் வேறென்ன வேலை.

அடுத்த கை.
எனக்கு ஒரு ஏழு, இரண்டு எட்டு, ஒரு ராணி.
ஒரு புள்ளி தேறாது.
"இருபத்திரெண்டு" என்றேன்.
லிசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.
ராணியைத் துருப்பாகக் கவிழ்த்து வைத்தேன்.
அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
கள்ளாட்டம்தான்;
அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

மண்ணைக் கவ்வினோம்.
தோற்றவர் காதில் குணுக்கு.
லிசம்மா கொடியிலிருந்து துணிக்கிளிப்பு எடுத்து வந்தாள்,
எனக்கு மஞ்சள், அவருக்கு நீலம்.
கப்பையும் மீன்கறியும் அப்படியே தின்றோம்;
மெல்லும்போதெல்லாம் ஆடியது.
கழற்றாமலே வண்டியில் ஏறினோம்.

சாவடியில் டார்ச்சடித்தார் போலீஸ்காரர்.
ஹெல்மெட் எங்கே என்று கேட்க வந்தவர்
அவர் காதைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார்,
எந்த பாஷையில் கேட்பது என்று தெரியாமலோ என்னவோ
போங்க போங்க என்று கையை ஆட்டினார்.

கள்ளுக்கடை தாண்டி,
தென்னந்தோப்பு தொடங்கும் வளைவில்
வேகம் குறைந்தது.
"கம்பெனியப் பூட்டிட்டாங்க புள்ள.
இருபத்திமூணு நாளாச்சு."

தினம் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு
இத்தனை நாளும் எங்கே போனீங்க,
எந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டீங்க
என்று நாக்கு நுனிவரை வந்தது.
காற்றில் நீலக் கிளிப்பு
என் மூக்கை உரசியது.
"காது வலிக்குதா?"
"மரத்துப் போச்சு."
"அடுத்த சனி நம்ம வீட்ல ஆட்டம்.
கப்பை ரெண்டு கிலோ சொல்லி வெக்கணும்."

பாட்டு வரவில்லை.
கொஞ்சதூரம் போய்
ஹாரனை இரண்டு தடவை அடித்தார்.
ரோட்டில் யாருமே இல்லை.