காய்ச்சினேன்

"என்ன செய்தாய்?" நீதவான் கேட்டதைத்
தமிழில் கொடுத்தேன்.
பூங்காவனம், அக்கரப்பத்தனை, மேற்பிரிவு, ஏழாம் லயம்,
கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்:
காய்ச்சினேன்.

சிங்களத்தில் கஞ்சிக்கு ஒரு சொல்,
கசிப்புக்கு இன்னொன்று.
ஜன்னலில் நுவரெலியா மழை.
எதை, என்று கேட்டேன்.
கேட்க எனக்கு உரிமையில்லை.

விடிய நாலுக்கு வெந்நீர் காய்ச்சினேன், ஐயா.
மகனுக்கு மூணு நாளாக் காய்ச்சல், கஞ்சி காய்ச்சினேன்.
பதினாறு கிலோ கொழுந்துக்கு அரைப்பேர் போட்ட
கணக்கப்பிள்ளையை
மடுவத்துல எல்லாருக்கும் முன்னால வச்சு
நல்லாக் காய்ச்சினேன்.
மறுநாள்தான் பொலிஸ் ஜீப் வந்துச்சு.

கடைசியாகச் சொன்ன காய்ச்சலை
"ஏசினாள்" என்று மாற்றிவிட்டேன்.
ஆவி போய்விட்டது.

மேசையில் தடயப் பொருள்:
அடி கருகிய அண்டா,
மூன்று முழம் செப்புக் குழாய்.
அண்டாவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை,
குழாயைப் பற்றி நானும் கேட்கவில்லை.
போன பொங்கலுக்கு மச்சான் கொண்டுவந்த போத்தலில்
லேசாகக் கறுவா வாசம் இருந்தது.
அக்கரப்பத்தனைச் சரக்கு என்றான்.

கஞ்சிக்கான சொல்லை எடுத்தேன்.
தட்டச்சில் அது விழும்வரை
சார்ஜன்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இரண்டு மாதத் தவணை.

வாசற்படியில் குடை விரியாமல்
மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள்.
என்னைக் கண்டதும், துளி பிசகாத சிங்களத்தில்:
"மூன்று தரம் வடித்ததை
கஞ்சி என்றா சொன்னீர்கள்?"