நாலு நிமிடம்

பொத்தானை அமுக்கினால்
புளியரை எஸ் வளைவில் சரக்கோடு ஏறும் லாரி மாதிரி
முதலில் ஓர் உறுமல்.
அப்புறம் மூச்சு வாங்கல்.
அப்புறம் கறுப்பு,
கறுப்புக்குள் ஒரு சின்னக் கோடு
விட்டுவிட்டு மின்னும்.
பதினோரு வருஷமாய்
செங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு
இப்படித்தான் விடிகிறது.

வாசலில் வண்டிகள் நிற்கும்.
செங்கல், ஹாலோ பிளாக், சில நாள் தகர ஷீட்.
கொல்லம் போகிற டிரைவர்கள்
இ-வே பில்லுக்காகப் பல் தேய்த்தபடி நிற்பார்கள்.
ஒரு பில்லுக்கு முப்பது ரூபாய்.
விசைப்பலகையில் சைபர் அழிந்து வெகுநாளாச்சு.
அதைத்தான் அதிகம் அடித்திருக்கிறேன்.

ஆனிச் சாரல் ஜன்னலில் அடித்த ஒரு காலை
திரை முழுக்க நீலம்.
எட்டிப் பார்த்த டிரைவர் பையன் சொன்னான்,
"அக்கா, கடல் வந்திருக்கு."

"தூக்கிப் போடு கோமு" என்றார் அவர்.
"தென்காசியில தவணைக்குத் தாரான்.
மாசம் ரெண்டாயிரத்தி நானூறு."
"கேமரா உள்ளதா வாங்கும்மா" என்றாள் வர்ஷினி,
தலையைத் தூக்காமல்.
நான் காலண்டர் தாளைத் திருப்பி
நடுவில் கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் ரிப்பேர், அந்தப் பக்கம் புதுசு.
எழுத எழுத
ரெண்டு பக்கமும் பால் பாக்கிதான் வந்தது.

தென்மலையிலிருந்து ஷிபு ரயிலேறி வந்தான்.
மூடியைக் கழற்றினான்.
உள்ளே அரை இஞ்சுக்குச் செங்கல் தூசி,
யார் யார் வீட்டுச் சுவரோ.
மூலையில் பல்லிமுட்டை ஓடு ரெண்டு.
பொரிந்து போய்விட்டிருந்தன,
சூட்டுக்குக் குறைவில்லை.

"மாற்றணோ சேச்சி?"
"நீ சொல்லு."
"மாத்துன்னு சொன்னா விக்கப் பாக்கான்னு நினைப்பீங்க.
வேண்டாம்னு சொன்னா நாளைக்குக் கள்ளன்னு பறயும்."
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
உள்ளே வெகுநேரம் பார்த்தான்.
"டிஸ்க் மாத்தலாம். ரெண்டாயிரத்தி இருநூறு.
மெமரி தொள்ளாயிரம். என் கூலி நீங்க தாறது.
மதர்போர்டுக்கு மட்டும் வாக்கு இல்ல.
ரெண்டு கொல்லமும் ஓடும்.
ஓணத்துக்கு முன்னேயும் நிக்கும்."

"பாத்தியா!" என்றார் அவர்.

அவர் ஓட்டும் லாரியில்
இப்போது இருப்பது மூன்றாவது எஞ்சின்.
கதவு ஒன்று வேறு லாரியுடையது,
நிறம்கூடச் சேராது.
வருஷா வருஷம் எஃப்.சி.க்கு முந்தின நாள்
அதற்கு மஞ்சள் தெளித்துக் கும்பிடுகிற மனுஷர்.
அதைத் தூக்கிப் போடுங்கள் என்று
நான் ஒருநாளும் சொன்னதில்லை.
அன்றைக்குச் சொன்னேன்.

தார்ப்பாய்க் கயிற்றை எண்ணுகிறேன் என்று
வெளியே போனவர்
சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.
"சரி, மாத்தட்டும்" என்றார், ரசத்தைப் பார்த்து.

மாற்றினான்.
பதினெட்டே நொடி.
உறுமல் இல்லை, மூச்சு வாங்கல் இல்லை,
தட்டினால் திறக்கிற கதவு மாதிரி
வந்து நிற்கிறது.
வர்ஷினி கைதட்டினாள்.
ஷிபு என் முகத்தையே பார்த்தான்,
கூலி பேசும் நேரத்தில்
நான் ஏன் சும்மா நிற்கிறேன் என்று.

என்ன சொல்ல அவனிடம்?
அந்த நாலு நிமிடத்தில்
உலையில் தண்ணீர் வைத்திருக்கிறேன்.
முந்தின நாள் துணியை மடித்திருக்கிறேன்.
எதுவும் செய்யாமல்
பின்வாசலில் நின்று
மலைமேல் மேகம் கேரளாவிலிருந்து
எந்தப் பில்லும் இல்லாமல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.
யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்,
"ஏறிக்கிட்டு இருக்கு."
அதற்குமேல் ஒருவரும் கேட்டதில்லை.
பெட்டியை அவசரப்படுத்த யாரால் முடியும்?

இன்றைக்கு நாலரை மணி.
மழை விட்டிருக்கிறது.
பொத்தானை அமுக்கி டம்ளரை எடுப்பதற்குள்
திரை வெளிச்சமாகி
கடவுச்சொல் கேட்டு நிற்கிறது,
முறைவாசல் செய்ய வந்தவள் போல
சுத்தமாய், நேரத்துக்கு.

"ஆயிடுச்சாக்கா?"
வாசலிலிருந்து ஒரு குரல்.

திரையைச் சுவர்ப் பக்கம்
கொஞ்சம் திருப்பி வைக்கிறேன்.
"ஏறிக்கிட்டு இருக்கு தம்பி"
என்றபடி
பின்வாசல் தாழை நீக்குகிறேன்.