பதினேழாவது நிமிடம்

செவ்வாய் இரவு பதினொன்றுக்கு
மத்தான் ஊரின் சின்ன வானொலியில்
சொலாஞ்ச் பெருபே இருமிவிட்டுத்தான் தொடங்குவாள்.
அந்த இருமல்தான் எங்களுக்கு முகப்பிசை.

பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்று நம்புகிறவர்கள்
அதற்குள் தூங்கியிருப்பார்கள்.
மிச்சம் இருப்பது
ரொட்டி சுடுகிறவன், இறால் ஆலையின் காவலாள்,
பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்த யாரோ ஒருத்தி,
பனிவாரி வண்டியில் நான்.

அவள் போடுவதெல்லாம் நீளம்.
தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு.
ஆர்கன் ஏறும், கிதார் குறுக்கே போகும்,
புல்லாங்குழல் வழிதவறியது போல நடிக்கும்,
ஆறாவது நிமிடத்தில்தான் ஒருவன் வாயைத் திறப்பான்,
அதுவும் கடலுக்கடியில் இருக்கும் ஒரு நூலகத்தைப் பற்றி.
"இவர்களுக்கு வீட்டில் யாரும் காத்திருக்கவில்லையா?"
என்று ஒருமுறை கேட்டாள் என் மனைவி.

எனக்கு அவை தூர அளவு.
தேவாலயத்திலிருந்து படகுத்துறை வரை ஒரு பாட்டு.
திரும்பி வர இன்னொன்று.
வலப்பக்கம் முழுக்க நதி, உறைந்து,
இருட்டில் இருப்பதே தெரியாமல்.

இன்று விருந்தாளி ஒனேசிம் ரியூ.
எழுபத்து நான்கில் ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டுக்
கலைந்துபோன குழுவின் டிரம்ஸ்காரர்.
பிறகு முப்பது வருஷம்
பள்ளிக்கூடங்களின் கொதிகலன்களைச் சோதித்தாராம்.

முதலில் லேசானதாகக் கேட்டாள்:
வேன் யாருடையது,
அட்டைப்படத்து மீனுக்கு எதற்குக் காது.
அவர் சிரித்தார். நாற்காலி கிறீச்சிட்டது.
பிறகு தட்டு ஓடியது, இருபத்து மூன்று நிமிடம்.
மூன்றும் நாலும், மூன்றும் நாலுமாய்
ஏழு ஏழாக எண்ணும் தாளம்.
என் கண்ணாடித் துடைப்பானுக்கு இரண்டுதான் தெரியும்.
பதினான்கில் ஒருமுறை கைகுலுக்கிக்கொள்ளும்,
பிறகு அதனதன் வழி.

முடிந்ததும் கேட்டாள்:
"அதற்கப்புறம் ஏன் குச்சியைத் தொடவே இல்லை?"

வானொலியில் மௌனம் என்பது
சோற்றில் பல் தட்டுப்படுவது மாதிரி.
நான் பிளேடைத் தூக்கினேன், சத்தம் குறையட்டும் என்று.

"பதினேழாவது நிமிடத்தில் எண்ணிக்கை தவறினேன்.
ஏழுக்குப் பதில் ஆறு.
மற்ற நாலு பேரும் என் முகத்தைப் பார்க்காமலே
என்னோடு சேர்ந்து விழுந்து, எழுந்து, போய்விட்டார்கள்.
இன்னொரு தடவை எடுக்கக் காசில்லை.
அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை, மதமுவசேல்.
ஒருத்தனாவது திட்டியிருக்கலாம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஊசியைத் தூக்கி மறுபடி வைக்கும் சத்தம்.

எனக்கு அந்த இடம் தெரியும்.
மாடியிறங்கும்போது கடைசிப்படி முடிந்த பிறகும்
இன்னொன்று இருப்பதாக நினைத்து வைத்த கால்.
பாட்டு அங்கே ஒரு கணம் அந்தரத்தில் நின்று
முழு எடையோடு தரைக்கு வரும்.
அதற்காகத்தான் மோன் ஜோலியில்
ஒரு கிடங்கு விற்பனையில் குனிந்து தேடி
அந்தத் தட்டை நான் வாங்கினேன்.
அது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கையுறையைப் பல்லால் கழற்றி எண்ணை அழுத்தினேன்.
வேறு யாரோ முந்திக்கொண்டார்கள்.
மறுபடி அழுத்தினேன்.
மூன்றாவது தடவை அழுத்தியபோது
லவுவா வீட்டுத் தபால் பெட்டி போய்விட்டது.
பிளேடைத் தூக்கினவன்
பக்க இறக்கையை மடக்க மறந்திருந்தேன்.

காலையில் படிவம் நிரப்ப வேண்டும்.
சேதம்: தபால் பெட்டி ஒன்று, நீல நிறம்.
காரணம் என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்தான்.

இறங்கிப் பனியில் துழாவிக்கொண்டிருக்கிறேன்,
வண்டிக் கதவு திறந்தபடி.
சொலாஞ்ச் இருமுகிறாள். இணைப்பில் ஆள் இருக்கிறதாம்.
பால் கொடுக்கிறவள்தான் போலிருக்கிறது:
ஏதோ சொல்ல வருகிறாள்,
எந்தக் கணக்கிலும் சேராமல் பக்கத்தில் ஒரு குழந்தை அழுகிறது.

"பையனா, பெண்ணா?"
என்று கேட்கிறார் ரியூ.